வாலைப் படிக்காத வாசகர்கள்

நம் பள்ளிக்கூட வாட்ஸாப் குழுவில் போன வாரம் நடந்த சண்டையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். 'தொழில்நுட்பமும் பண்பாடும்' என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டு வருமே, அந்தப் பழைய மாதப் பத்திரிகையைப் பற்றித்தான். அந்தக் காலத்தில் அது பத்திரிகை, இப்போது வெறும் செல்போன் விளம்பரம் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அது அப்போதும் அப்படித்தான், நமக்குத்தான் படிக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று இன்னொருவர் எழுதினார். இணையத்துக்கு வந்த பிறகுதான் அதற்கு உயிரே வந்தது என்று ஒருவர். ஆசிரியர் மாறிய அன்றே அது செத்துப்போனது என்று இன்னொருவர். துபாயில் இருக்கும் நம் வகுப்புத் தலைவர் எல்லோரையும் சமாதானப்படுத்த ஒரு பூங்கொத்துப் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. என் அபிப்பிராயம் என்ன என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். எனக்குக் கண்ணில் புரை, கட்டைவிரலில் வலி, செல்போனில் நீளமாக எழுத முடியாது. அதனால் உட்கார்ந்து தாளில் எழுதி மகளிடம் தட்டச்சு செய்யக் கொடுக்கிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் அந்தப் பூங்கொத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்பா மஸ்கட்டில் இருந்தார். அம்மாவும் நானும் கோட்டாற்றில் மாமா வீட்டில் இருந்தோம். மாமா, அம்மாவின் அண்ணன். அவர், மாமி, கல்யாணத்துக்கு நின்ற என் சித்தி, நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் வீடு. தாத்தா போன பிறகு தங்கைகளுக்கு எல்லா முடிவும் எடுக்கிற பொறுப்பு மாமாவுடையது. அவரும் அதைப் பொறுப்பு என்றுதான் நினைத்தார், அதிகாரம் என்று நினைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் அவரைத் திட்டுவீர்கள்.

மாமாவுக்குக் கடைத்தெருவில் ரேடியோ, மின்சாமான் கடை. ஸ்டெபிலைசரை அவரே செய்து விற்பார். நம் ஊர் கரண்டு அப்போது இருந்த இருப்பு உங்களுக்கு நினைவிருக்கும். சாயங்காலம் ஆனால் பல்பு மஞ்சளாகிவிடும், டியூப் லைட் பிடிக்காமல் மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டே கிடக்கும். அதனால் மாமாவின் சாம்பல் நிறத் தகரப் பெட்டிக்கு நல்ல கிராக்கி. கடைக்குள் நுழைந்தாலே ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறும். அந்த வாசனை மாமாவின் சட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும்.

கடை மாடியில்தான் அந்தப் பத்திரிகையின் வாசகர் வட்டம் கூடும். மாதம் ஒரு ஞாயிறு. மாமா, போஸ்ட்மாஸ்டர், ஹோமியோபதி டாக்டர், அப்புறம் வருகிறவர் போகிறவர் என்று ஏழெட்டுப் பேர். ரசவடையும் காப்பியும் கொண்டுகொடுக்கப் போனால் எனக்கும் ஒரு வடை உண்டு, ஆகவே நான் அங்கே நடந்ததை எல்லாம் கேட்டிருக்கிறேன். ஜாதகத்துக்கு எதிராக மாமா ஒரு மணி நேரம் பேசியதைக் கேட்டிருக்கிறேன். கிரகம் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம் என்று பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். "பத்திரிகையில போட்டிருக்கான்" என்பது அவர் வாயில் கோயில் உத்தரவு போல வரும். அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு கிடையாது.

இனி நான் சொல்லப் போகிற வழக்கத்தை வேறு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை. வட்டத்துக்கு வருவது ஒரே ஒரு பிரதி. படிக்கிறவர்களோ ஏகப்பட்ட பேர். தபாலில் வந்ததும் மாமா ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதன் முதுகோரம் குத்தியிருக்கும் இரண்டு கம்பிப் பின்னையும் நெம்பி எடுத்துவிடுவார். நடுவில் சரியாக இரண்டாகப் பிரிப்பார். முன்பாதியில் தொழில்நுட்பம், பின்பாதியில் பண்பாடு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுத் தைத்துவிடுவார். முன்பாதி கடையிலிருந்து போஸ்டாபீஸ், அங்கிருந்து டாக்டர் என்று ஆண்கள் கையில் சுற்றும். பின்பாதி நேராக வீட்டுக்கு வரும். மாமி, அம்மா, சித்தி, பிறகு போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா. ஒரே நேரத்தில் இரண்டு பேர் படிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. பிரித்த பாதிகளை மறுபடி யாரும் சேர்த்ததில்லை.

ஆண்களின் அபிப்பிராயம், பத்திரிகை பாதி நல்லது, மிச்சம் பக்கத்தை ரொப்புகிற சமாசாரம். கூத்தும் பாட்டும் கோலமும் யாருக்கு வேண்டும் என்பார்கள். பெண்களின் அபிப்பிராயம் நேர்மாறு. முன்பாதியில் நட்டும் போல்ட்டும் தவிர வேறென்ன இருக்கும் என்று மாமி கேட்பாள். இரண்டு தரப்பும் அடுத்த தரப்பின் பாதியைக் கண்ணால் பார்க்காமலே இந்த முடிவுக்கு வந்திருந்தன. இப்போது நம் குழுவில் நடக்கிற சண்டையைப் பார்க்கும்போது எனக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்று புரிகிறதா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பாதியில் ஆரம்பிக்கிற பெரிய கட்டுரைகள் அங்கே முடியாது. 'தொடர்ச்சி ஐம்பத்திரண்டாம் பக்கம்' என்று போட்டிருப்பார்கள். ஐம்பத்திரண்டாம் பக்கம் பின்பாதியில் இருக்கும். அந்தத் தொடர்ச்சிக்கு எங்கள் வீட்டில் வால் என்று பெயர். ஆண்கள் வாலைத் தேடி வந்ததே இல்லை. "முக்கியமான எல்லாத்தையும் முன்னாலயே சொல்லியிருப்பான், வாலுல என்னத்த வைப்பான்" என்பார் மாமா. சித்திக்கோ தலை இல்லாத வால்கள் மட்டும் கிடைக்கும். அவள் வாலைப் படித்துவிட்டு, தலை என்னவாக இருக்கும் என்று எனக்கு ஊகித்துச் சொல்லுவாள். ராக்கெட்டைப் பற்றியா, ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றியா என்று நாங்கள் இருவரும் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் சித்திதான் ஜெயிப்பாள்.

அந்த வருஷக் கோடை விடுமுறையில் வட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். மணவாளக்குறிச்சிக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாங்கள் கணக்கு சார் என்போம். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, பஸ்ஸில் வந்தாலும் கசங்காமல் வருவார். மாமாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஜாதகம் பற்றிய கூட்டத்தில் மாமாவுக்கு அடுத்து எழுந்து பேசியவர் அவர்தான். ராசிக் கட்டத்தைக் கரும்பலகையில் போட்டுக் கணக்காலேயே அதைக் கேலி செய்தார். இறங்கும்போது மாமா அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். மாமா யார் தோளிலும் கை போடுகிற ஆள் இல்லை.

டாக்டர்தான் கல்யாணப் பேச்சை ஆரம்பித்தது. விசாரித்ததில் எல்லாம் பொருந்தி வந்தது. அப்பா இல்லை, அம்மா மட்டும், சொந்த வீடு, அரசாங்க வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்க வந்தார். சித்தி பச்சை வாயில் புடவையில் மட்டிப்பழமும் காப்பியும் கொண்டு வைத்தாள். அவர் சித்தியிடம் நேராகவே கேட்டார்.

"நீங்க எந்தப் பாதி படிப்பிய?"

"பின்பாதி," என்றாள் சித்தி. பிறகு, யாரும் கேட்காமலே, "வாலெல்லாம் படிப்பேன்," என்றாள்.

அவருக்கு வால் என்றால் என்ன என்று மாமா விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "நான் பஸ் ஸ்டாண்டு கடையில முழுசா வாங்கிருவேன். ரெண்டையும் சேத்து வச்சுப் படிச்சாத்தான் எனக்கு வெளங்கும்," என்றார்.

அன்று படுக்கும்போது சித்தி என் காதுக்குள் சொன்னாள். "ஏட்டி, அந்த வீட்டுக்குப் போனா முழுசாப் படிக்கலாம்." மாப்பிள்ளை அழகா, குணமா, ஒன்றும் சொல்லவில்லை. இது மட்டும்தான். ஆனால் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று பத்து வயதுப் பிள்ளைக்கே தெரிந்தது. அதற்கு முன் வந்த மூன்று மாப்பிள்ளைகளைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

ஜூன் மாதம், எடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அந்த இதழ் வந்தது. மாமா அன்று வீட்டிலேயே வைத்து வழக்கம் போலப் பிரித்தார், முன்பாதியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பின்னை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலைப் பற்றிய பெரிய கட்டுரை. மணலின் படம் முழுப் பக்கத்துக்கு. அந்த மணலில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன, அதில் ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் எப்படி வருகின்றன, பொதுவாக அப்படிப்பட்ட கதிர்கள் அளவுக்கு மிஞ்சினால் உடம்பை என்ன செய்யும் என்று சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முன்பாதியின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'அப்படியானால், இந்தக் கரையில் பிறக்கும் குழந்தைகளுக்கு என்ன ஆகும்?' கீழே சின்ன எழுத்தில், தொடர்ச்சி.

மாமா அந்தப் பக்கத்தை மூடவில்லை. நிமிர்த்திய பின்னை நான் நீட்டினேன், வாங்கவும் இல்லை. அடுக்களைப் பக்கம், மாமி இருந்த பக்கம், பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே கணக்கு சார் வந்துவிட்டார். மழையில் நனையாமல் இருக்கப் பத்திரிகையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

"அண்ணாச்சி, பாத்தியளா? எங்க ஊரு வந்திருக்கு," என்றார். படத்தை விரித்து விரலை வைத்தார். "இது எங்க வீட்டுக்குக் கெழக்க. சின்னப் பிள்ளையில நாங்க உருண்டு கெடந்த எடம். பிள்ளையளுக்குக் காட்டணும்னு ஸ்கூலுக்குக் கொண்டு போறேன்."

"ம்," என்றார் மாமா.

"முழுசும் படிச்சியளா?"

"படிச்சேன்," என்றார் மாமா.

அது பொய் என்று மாமாவே நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை முன்பாதி படித்தால் முழுசும் படித்ததுதான். சார் காப்பி குடித்தார், பத்திரிகையை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் மாமா அம்மாவைக் கூப்பிட்டார்.

"அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்," என்றார்.

அம்மா காரணம் கேட்டாள். மாமா முன்பாதியை நீட்டினார். அம்மா கடைசி வரியைப் படித்தாள், பிறகு அவளும் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். மாமி இரண்டு தடவை பிள்ளை பெற்றாள் என்றும், இரண்டும் ஒரு வாரம் கூடத் தங்கவில்லை என்றும் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் பல வருஷம் மாமாவைக் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற நேரத்தை நினைத்துக்கொண்டால் அவரை அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. தன் கையில் இரண்டு முறை வாங்கிய கனத்தைத் தங்கை கையில் கொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. அந்தக் கேள்வி அவருக்குக் கேள்வியாகவே தெரிந்திருக்காது.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தி உள்ளே போய்ப் பின்பாதியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐம்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து மாமாவின் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, இதுல மிச்சம் இருக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காவ. ஒரு தடவ படியுங்க."

மாமா அதைத் தொடவே இல்லை. "அது வாலு," என்றார். "கேள்வியக் கேட்டவனுக்குப் பதில் தெரிஞ்சா முன்னாலயே சொல்லியிருப்பான். பக்கம் நெறைக்க என்னத்தயாவது எழுதியிருப்பான். கூத்துக்கும் பாட்டுக்கும் நடுவுல போட்டிருக்கான் பாத்தியா, அதுலயே தெரியல்லியா?"

அந்த வாலை நான் பிறகு பல தடவை படித்திருக்கிறேன். அதில் பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததாகவும், மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் என்று எதையும் தன்னால் சொல்ல முடியவில்லை என்றும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் பயந்து ஓட வேண்டியதில்லை என்றும் அந்தச் சென்னைக்காரர் எழுதியிருந்தார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் தனக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி. அவ்வளவுதான். மாமா படித்திருந்தாலும் மனசு மாறியிருப்பாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படித்திருக்கலாம்.

நமக்குத் தெரிந்த நாகரிகப்படி காரணத்தை மறைத்துச் சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் மூலமாகத்தான் போயிற்று. ஜாதகம் பொருந்தவில்லை.

அடுத்த வட்டத்துக்குக் கணக்கு சார் வந்தார். வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்திருந்ததால் அவருக்கு நாற்காலி போடவில்லை, பெஞ்சியில் ஓரமாக உட்கார்ந்தார். மணல் கட்டுரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஸ்கூட்டரைப் பற்றியும் சாண எரிவாயுவைப் பற்றியும் பேசினார்கள். நான் வடைத் தட்டை நீட்டியபோது அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்து எழுந்ததும் மாமாவிடம் வந்தார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"ஜாதகம் பொருந்தல்லன்னு சொல்லி விட்டிய. இதே மாடியில ஜாதகம் பொய்யின்னு மொதல்ல நீங்க பேசினிய, அடுத்தால நான் பேசினேன். உள்ளதச் சொல்லியிருக்கலாம், அண்ணாச்சி. எங்க ஊரு மண்ணுதான காரணம்?"

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். சார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு அவர் வட்டத்துக்கு வரவில்லை.

வீட்டில் சித்தி எப்போதும் போலத்தான் இருந்தாள். தண்ணீர் எடுத்தாள், துணி துவைத்தாள், எனக்குப் பின்னல் போட்டாள். பின்னல் மட்டும் இறுக்கமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் தலை வலித்தது. வால் பந்தயத்துக்குக் கூப்பிட்டால் "போடி அங்க" என்பாள். தூத்துக்குடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஜாதகம் வந்தது. கிரகம் பொய் என்று பேசிய மாமா அதை எங்கள் தெரு ஜோசியரிடமே கொண்டுபோய்க் காட்டினார் என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஆடி மாதத்து இதழில்தான் அந்த இன்னொரு கட்டுரை வந்தது. ஸ்டெபிலைசரைப் பற்றி. சிறு நகரங்களில் கடைக்காரர்கள் தாங்களே கூட்டிச் சேர்த்து விற்கிற பெட்டிகளில் முக்கால்வாசி உதவாது, அதில் எரிகிற சிவப்பு விளக்கைத் தவிர வேறு ஒன்றும் வேலை செய்யாது என்று எழுதியிருந்தார்கள். இது முன்பாதியின் இரண்டாம் பக்கத்திலேயே முழுசாக இருந்தது, வால் கிடையாது. மாமா படித்தார். போஸ்ட்மாஸ்டரும் படித்தார். அவர் வீட்டில் மாமாவின் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் அவர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார், "நம்ம பெட்டிய ஒருக்கா தொறந்து பாப்பமா அண்ணாச்சி?" என்று. மற்றவர்கள் வடையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

அன்று மத்தியானம் மாமா சாப்பிட உட்கார்ந்தபோது முகம் கறுத்திருந்தது. தீயலும் அப்பளமும் வைத்திருந்தார்கள். ஒரு வாய் வைப்பார், பேசுவார், மறுபடி ஒரு வாய்.

"மெட்ராஸ்ல ஃபேனுக்கு அடியில இருந்துட்டு எழுதுகானுவ. இங்கன கரண்டு எப்படி வருதுன்னு ஒரு நாளாவது வந்து நின்னு பாத்தானா? நம்ம ஊரப் பத்தி அவனுவளுக்கு என்ன தெரியும்? இனி அந்தப் பத்திரிகை இந்த வீட்டுக்குள்ள வரப்பிடாது. அதுல எழுதுகது ஒண்ணாவது உண்மையா? எல்லாம் பொய்யி."

சித்தி அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்போ மணலப் பத்தி எழுதினது, அண்ணே?"

சாதாரணக் குரலில்தான் கேட்டாள், உப்பு போதுமா என்று கேட்பது போல. மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மா என்னை எழுந்து போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நான் போகவில்லை.

அடுக்களை நடையில் நின்ற மாமி பேசினாள். மாமா சாப்பிடும்போது அவள் எதிரே வந்து பேசுகிற வழக்கம் கிடையாது. நடையைத் தாண்டாமல் அங்கேயே நின்றுதான் சொன்னாள்.

"எனக்கு ரெண்டும் போனது இந்த வீட்டுல வச்சுத்தான். இந்தக் கோட்டாத்துல எந்த மணலு இருந்துச்சு? உங்க பயத்த எம்பேர்ல வச்சிக்கிடுங்க, போட்டும். அவ பேர்ல வைக்கண்டாம்."

அவ்வளவுதான் பேசினாள். மாமா பாதி இலையோடு எழுந்து கையைக் கழுவினார். கிணற்றடியில் ரொம்ப நேரம் நின்றார். உள்ளே மாமி அந்த இலையை எடுத்துக்கொண்டு நிற்பதையும், சித்தி அவள் தோளில் முகத்தை வைத்திருப்பதையும் நான் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சித்தி என்னைக் குளிப்பாட்டினாள். மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்றாள். ஆடிச் செவ்வாய், ஆகவே அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சித்தி அந்தப் பச்சை வாயில் புடவையைக் கட்டியிருந்தாள். மாமி அவள் தலையில் பிச்சிப்பூ வைத்துவிட்டாள். மாமா கடைக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்காமல், பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மாண்டிவிளை வழியா போற பஸ்ஸப் பாத்து ஏறு. அதுதான் மணவாளக்குறிச்சியில நிக்கும்."

சித்தி "சரி அண்ணே" என்றாள். நாங்கள் இறங்கும் வரை அவர் அதே பொத்தானைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. வயலும் தென்னையும் முடிந்து காற்றில் மீன் வாசனை வந்தபோது சித்தி எழுந்தாள். "கோயிலு இன்னும் வரல்லியே சித்தி" என்றேன். "வந்தாச்சு, எறங்கு" என்றாள். ஒரு கடையில் வழி கேட்டாள். கேட்கும்போதும் என் கையை விடவில்லை.

ஓட்டு வீடு. முற்றம் முழுக்க மணல், மழை பெய்து ஓய்ந்திருந்ததால் கறுப்பாக மினுங்கியது. மாமா சொன்னதை எல்லாம் கேட்டிருந்த எனக்குக் கால் வைக்கப் பயம். நுனிக்காலில் நின்றேன். சித்தி வெளிவாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்தாள். அங்கே கழற்ற வேண்டிய அவசியம் இல்லை, வீட்டுப் படி இன்னும் தூரத்தில் இருந்தது. வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து நடந்தாள்.

வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். கணக்கு சாருடைய அம்மா என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சித்தியின் கால்களைத்தான் முதலில் பார்த்தார், பிறகு முகத்தை.

"யாரு மக்களே?"

"கோட்டாத்துலயிருந்து வாறேன். ரேடியோக் கடைக்காரரு தங்கச்சி."

அந்த அம்மாவின் கத்தி நின்றது. "ஜாதகம் பொருந்தல்லன்னு சொன்ன வீடு," என்றார்.

"ஆமா."

"எங்க மண்ணக் கண்டு பயந்து போனியன்னு மவன் சொன்னான். அவன் ரெண்டு நாளு சரியா சாப்பிடல்ல." குரலில் கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "இப்ப என்ன, பயம் தெளிஞ்சிட்டா?"

"எனக்கு எப்பவும் பயம் இருந்ததில்ல அம்மா," என்றாள் சித்தி. "என்கிட்ட யாரும் கேக்கல்ல."

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். சித்தியின் உயரத்துக்கு அவர் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"அப்ப நான் கேக்கேன்," என்றார். "எம்மவனக் கெட்டிக்கிட ஒனக்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் சித்தி. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அந்த அம்மா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, இன்னும் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏ பிள்ள, நீயும் கேட்டேல்லா? நாளைக்கு ஆராவது மாத்திப் பேசினா நீதான் சாட்சி."

நான் இரண்டு காலையும் மணலில் நன்றாக ஊன்றி நின்றேன்.

"கேட்டேன்," என்றேன்.